தண்ணீர்த் தொட்டியும் கொள்ளைநோயும்



கொள்ளைநோய்க்குச் சாதி தெரியாது, ஏழை பணக்காரன் தெரியாது என்று 2020-இல் எல்லோரும் சொன்னார்கள். கிருமிக்குத் தெரியாதுதான். ஆனால் வீடு, தண்ணீர், வேலை, மருத்துவமனைக்கான தூரம் ஆகிய வழிகளில்தான் கிருமி நம்மை வந்தடைகிறது. அவற்றை யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டு வைத்திருப்பது சாதி. நம் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டே ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு மருத்துவம் கிடைக்க அதில் வழி இல்லை. புனேவுக்கு அருகில் முந்த்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தன் மகனின் மருத்துவ முகாமுக்குச் சுமந்து வந்தவர் சாவித்திரிபாய் புலே. அந்த நோயே அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். சட்டம் போகாத இடத்துக்கு 66 வயதுப் பெண் ஒருவர் போக வேண்டியிருந்தது.

அடுத்தது 1918-இன் இன்ஃபுளுவன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பம்பாய் நகரத்தின் கணக்கை நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3 பேர் இறந்தனர். சாதி இந்துக்கள் 18.9 பேர், ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று ஆவணம் குறித்தவர்கள் 61.6 பேர். ஒரே நகரம், ஒரே காய்ச்சல். சாவு மட்டும் ஏழு மடங்கு. அந்த ஆண்டு மழை பொய்த்தது, போரால் விலைவாசி ஏறியிருந்தது. ஒற்றை அறையில் நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு ஒதுங்கிப் படுக்க இடமில்லை. ஒரு நாள் படுத்தால் கூலி இல்லை.

நூறாண்டு கழித்துக் கொரோனா வந்தபோது அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடியும் கையில் எடுக்கப்பட்டது. ‘சமூக இடைவெளி’ என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியில் நிறுத்தப்பட்டவர்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? அடிக்கடி கை கழுவச் சொன்னார்கள். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்கள் எந்தத் தண்ணீரில் கழுவுவது? ஊர் அடங்கிக் கிடந்த நாட்களிலும் தூய்மைப் பணியாளர்கள் குப்பை அள்ளினார்கள். தினசரி அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, மாவட்டம் இருந்தது, இணைநோய் இருந்தது, சாதி இல்லை. 1918-இன் பம்பாய்க்கு இருந்த கணக்குகூட நமக்கு இல்லை.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது 2023 மே 5 அன்று. அதற்கு முன்பே, 2022 டிசம்பர் 26 அன்று, முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. அது எப்படித் தெரியவந்தது? பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். இளைஞர்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். சாதிக் குற்றத்துக்கு முதல் சாட்சி சொன்னது பிள்ளைகளின் உடம்புதான்.

விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் கண்ணில் பக்கத்து இறையூரின் டீக்கடை இரட்டைக்குவளையும் பட்டது. அய்யனார் கோயிலில் நுழைவு மறுக்கப்பட்டதும் தெரிந்தது. குவளை, கோயில், தொட்டி மூன்றும் ஒரே ஒழுங்கின் உறுப்புகள். மலம் கலந்த நீரால்தான் காலராவும் டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் பரவுகின்றன. சாதி நோயைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, நோயை உண்டாக்கவும் செய்யும் என்பதை வேங்கைவயல் காட்டியது. வழக்கு சிபிசிஐடி-க்குப் போனது. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை ஏற்க மறுத்த மக்களும் இயக்கங்களும் சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

அம்பேத்கர் 1927-இல் மகத் குளத்தில் இறங்கியது ஒரு கை தண்ணீருக்காக மட்டுமல்ல. பொதுத் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்டவே இறங்கினார். அந்த வேலை முடியவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் குடியிருப்புக்குக் குடியிருப்பு போய் எழுதுங்கள். தொட்டி எத்தனை, கடைசியாகக் கழுவிய நாள் எது, தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், கொரோனாவில் இறந்தவர் யார் யார், என்ன வேலை செய்தார்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்தக் கணக்கை வைத்துத் தீர்மானமாக்கக் கேளுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது நம் சாவுகள் கணக்கில்லாமல் போகக் கூடாது.