கெல்திரியாக் கோட்டையும் பழவேற்காட்டு ஏரியும்

வரதய்யபாளையத்திலிருந்து கிழக்கே தடாவை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்றோம். பனிக்காலத்து ஏரியில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. சிலிகாவுக்கு அடுத்து இந்நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆந்திரப் பகுதி 1976இலும், தமிழகப் பகுதி 1980இலும் பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டன.

அவ்வேரியின் தென்கோடியில், முகத்துவாரத்தை நோக்கி ஒரு கோட்டை இருந்தது. இன்று நாம் கண்டவை அகழியும், புதர் மண்டிய மேடும், சிதைந்த அடித்தளங்களுமே. ஒலாந்தரின் கெல்திரியாக் கோட்டை இதுதான்!

1610இல் விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதியிடம் ஒலாந்தர் வாணிக உரிமை பெற்றனர். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட அவ்வேந்தரின் இசைவு அந்நாளில் இக்கரைக்கு இன்றியமையாததாயிற்று. 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கினர். அதன் விளைவாக 1613இல் கோட்டை எழுந்தது. தலைவர் வான் பெர்கெமின் தாயகமான கெல்டர்லாந்தின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் ஒலாந்தர் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது.

இக்கோட்டையின் செல்வம் எது? நம் நெசவாளர் நெய்து, சாயக்காரர் வண்ணம் தீட்டிய துணியே! கீழைத்தீவுகளில் அத்துணியைக் கொடுத்தே மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். ஆனால் கப்பலேறியது துணி மட்டுமன்று. பஞ்சமும் போரும் வாட்டிய நாள்களில், பசிக்குத் தம்மையும் தம் மக்களையும் விற்றோரும், வன்முறையாற் பிடிபட்டோரும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு பட்டாவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் சென்றனர். அவருள் மீண்டோர் எத்தனை பேர்?

அங்கிருந்து ஒலாந்தர் கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புருவங்கள் நிற்கின்றன. உள்ளே, குடும்பச் சின்னமும் பெயரும் நாளும் பொறித்த கற்பலகைகள் காணப்படுகின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகின்றது. வந்து மாண்ட வணிகர்க்குக் கல் உண்டு. இக்கரையினின்று கொண்டு செல்லப்பட்டவர்க்கு ஒரு கல்லும் இல்லை. அந்த வாயிலில் நின்றபோது நம் நெஞ்சை உறுத்தியது இவ்வெண்ணமே.

கோட்டையும் நிலைக்கவில்லை. 1781இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். பின்னர்க் கைகள் பலமுறை மாறின. 1806இல் ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். 1824ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின், 1825இல் ஊர் முற்றிலும் அவர்தம் வசமாயிற்று.

மாலையில் மீனவர் படகுகள் கரை திரும்பின. பீரங்கிகள் காத்த வாணிகம் மறைந்துவிட்டது. எவரும் அரண் கட்டாத ஏரியோ இன்றும் மீனவர்க்கும் பறவைக்கும் இரை அளிக்கின்றது. இவ்வேரியைப் பேணுதல் நம் கடன். அதனோடு ஒன்றும் வேண்டுகின்றோம்: பெயரின்றிக் கப்பலேறிய நம் முன்னோர்க்கும் அவ்வகழிக் கரையில் ஒரு நினைவுக்கல் எழுதல் வேண்டும். அடுத்த முறை வரும் நம் பிள்ளைகள், பூநாரையைக் கண்டு மகிழ்வதோடு அக்கல்லின் முன்னும் சிறிது நேரம் நிற்கட்டும்.