948-க்குள் மறைந்த 849

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு எதிரே 948 என்றோர் எண் இருக்கிறது. ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள் என்று பொருள். இதைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். இயற்கையிலேயே நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதைத் திருப்பிப் போட்டால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 950 வரும். 948 அதை ஒட்டியே நிற்கிறது. அதே ஆண்டில் மாதிரிப் பதிவு முறை தந்த கணக்குப்படி தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 57, இந்தியாவினுடையது 80. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, மற்ற மாநிலங்களைவிட நன்றாக நடக்கும் ஒரு சுகாதாரத் துறைதான் தெரியும்.

மாவட்ட வரிசைக்கு வந்தால் சேலம்: 849.

சுகாதாரத் துறையின் செயல்பாட்டை மாவட்டவாரியாக எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வியோடுதான் இந்தப் பழைய தொகுதிகளைப் புரட்டத் தொடங்கினேன். 849-ஐத் தாண்டிப் போக முடியவில்லை. ஆயிரம் பையன்களுக்கு, இயல்பாக இருக்க வேண்டியதைவிட நூறு சிறுமிகள் குறைகிறார்கள். அவர்கள் எங்கே?

மூன்று வழிகள்தான் உண்டு. கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லாமல் விடப்பட்டிருக்கலாம். பிறக்காமலே போயிருக்கலாம். பிறந்து இறந்திருக்கலாம். முதலாவது என்றால், வீட்டில் மறைந்த சிறுமிகள் சில ஆண்டுகளில் பள்ளி வயதினராகத் தலைகாட்டியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஸ்கேன் வேண்டும். 1991-இல் கணக்கிடப்பட்ட குழந்தைகள் பிறந்த எண்பதுகளின் பின்பாதியில், கிராமத்துக் கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்? மூன்றாவதுதான் மிஞ்சியது. உசிலம்பட்டியில் பெண் சிசுக்கொலை நடக்கிறது என்று எண்பதுகளின் நடுவிலேயே பத்திரிகைகள் எழுதிவிட்டன. ஆனால் பத்திரிகைச் செய்தி ஓர் ஊரைக் காட்டுமே தவிர, அளவைக் காட்டாது. எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், எத்தனை குழந்தை என்று சொல்லக்கூடிய தாள் எங்கே இருக்கிறது என்பதுதான் என் தேடலாயிற்று.

வழக்கமான இரண்டு கதவுகளும் மூடியிருந்தன. சிசு மரணத்துக்கு நாடே நம்பும் மாதிரிப் பதிவு முறை மாநிலத்தோடு நின்றுவிடும். மாவட்டத்துக்குச் சொல்லும் அளவுக்கு அதன் மாதிரி பெரிதில்லை. பிறப்பு இறப்புப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். கிராமங்களில் அது கிராம நிர்வாக அலுவலர் கையில் இருந்தது. ஆனால் வீட்டில் பிறந்து ஒரு வாரத்துக்குள் இறந்துபோகும் குழந்தைக்காக யார் அவரைத் தேடிப் போவார்கள்? பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது. அந்தக் குழந்தை இந்த உலகத்துக்கு வந்ததற்கே தாளில் சாட்சி இல்லை.

குழந்தைக்குச் சாட்சி இல்லாவிட்டாலும் தாய்க்கு உண்டு. ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ஊரில் அவரை நர்ஸம்மா என்பார்கள். யார் வீட்டில் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மூன்றாம் மாதமே தெரிந்துவிடும். பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, தடுப்பூசி போட்ட தேதியையும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த தேதியையும் எழுதுவார். அந்த வரியின் கடைசியில் பிரசவத்தின் முடிவுக்கு ஒரு கட்டம் உண்டு. அதை அவர் காலியாக விட முடியாது. ஊசி போட்ட பெண்ணுக்குக் குழந்தை எங்கே என்று மேலதிகாரி கேட்பார். பிறப்புப் பதிவில் காணாமற்போன குழந்தையைக் கர்ப்பிணிப் பதிவில் தேடலாம் என்பது இதனால்தான்.

பழைய பதிவேடு ஒன்றைப் பார்க்க எனக்கு வாய்த்தது. நீளவாக்கில் கோடு போட்ட தடித்த நோட்டு, ஓரங்கள் செல்லரித்திருந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு பெண்ணின் பெயர், கணவர் பெயர், எத்தனையாவது கர்ப்பம், உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஆணா பெண்ணா என்று போகும். கடைசிக் கட்டத்தில் சில வரிகளில் குழந்தையின் எடை இருந்தது. சில வரிகளில் 'இறப்பு' என்று மட்டும் இருந்தது. அந்தச் சில வரிகளில் விரலை வைத்து இடப்பக்கம் நகர்த்தினால், உயிரோடிருக்கும் பிள்ளைகள் என்ற கட்டத்தில் இரண்டும் பெண், அல்லது மூன்றும் பெண். ஒரு நோட்டை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் எந்தக் கட்டத்தை எந்தக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது அந்த நோட்டுதான்.

இதற்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபேல், பார்பரா மில்லர் மூவரும் 1992-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை, அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் கீழ்வைத்தியணான்குப்பம் வட்டாரத்தைப் பற்றியது. குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணிக்கும் ஓர் ஊட்டச்சத்து ஆய்வுக்காக அங்கே 12 கிராமங்களில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். சிசுக்கொலை அவர்கள் தேடிப் போன பொருள் அல்ல. உயிரோடு பிறந்தவை 759. இறந்தவை 56; அவற்றில் ஆண் 23, பெண் 33. பெண் குழந்தைகளின் இறப்பில் 19 சிசுக்கொலை என்று தெரியவந்தது. பாதிக்கும் மேல். அந்தப் பத்தொன்பதும் ஆறு கிராமங்களுக்குள் அடங்கின. மற்ற ஆறில் ஒன்றுகூட இல்லை.

இந்த ஆறுக்கு ஆறு என்ற பிரிவை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். மாநிலச் சராசரி மாவட்டத்தை மறைத்தது போல, மாவட்டச் சராசரி ஒன்றியத்தை மறைக்கும், ஒன்றியச் சராசரி கிராமத்தை மறைக்கும். ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே மருத்துவர், ஒரே தடுப்பூசிக் குளிர்பெட்டி. ஆனாலும் ஊர் எல்லையின் இந்தப் பக்கம் பிறந்த சிறுமிக்கும் அந்தப் பக்கம் பிறந்தவளுக்கும் வாய்ப்பு வேறு.

கிராமத்திலிருந்து மாநிலத்துக்கு அந்தப் பார்வையை விரித்தவர்கள் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும். முதலாமவர் அன்று இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, அடுத்தவர் பொருளியலறிஞர். 1997-இல் அதே இதழில் வந்த அவர்கள் கட்டுரை, ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுப் பதிவுகளைத் தமிழ்நாடு முழுவதற்கும் திரட்டிப் பார்த்தது. சிசு இறப்புக் காரணங்களில், சிசுக்கொலையை மறைமுகமாகக் குறிக்கும் 'சமூகக் காரணங்கள்' என்ற வகையில் ஏறியிருந்தவை கிட்டத்தட்ட எல்லாமே பெண் குழந்தைகள். வரைபடத்தில் குறித்தபோது அவை நிறையப் பதிவான ஒன்றியங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை. மதுரைப் பக்கமிருந்து திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வட ஆர்க்காடு வரை ஒரே பட்டையாக நீண்டன. சான்று புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அரசின் சொந்த அலமாரியில், அரசின் சொந்த ஊழியர் கையெழுத்தில், வருடக்கணக்காக இருந்தது. ஆணும் பெண்ணுமாகப் பிரித்துக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

ஆனால் ஒரு தயக்கம் என்னை விடவில்லை. காரணத்தை எழுதுவது செவிலியர். அவர் அந்த ஊரிலேயே குடியிருக்கிறார், இரவில் தனியாக நடந்து போகிறார். உண்மையை எழுதினால் போலீஸ் வரும், ஊர் பகைக்கும். 'குறைமாதம்', 'எடை குறைவு', 'மூச்சுத் திணறல்' என்று எழுதிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அப்படியானால் 'சமூகக் காரணங்கள்' நிறையப் பதிவான ஒன்றியம் கொடியது, பதிவே ஆகாத ஒன்றியம் நல்லது என்று எப்படிச் சொல்வது? துணிந்து எழுதிய இடம் பட்டியலில் கீழேயும், மழுப்பிய இடம் மேலேயும் நின்றுவிடும்.

இதைத் தாண்ட ஒரே வழி, காரணக் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கட்டங்களைப் படிப்பது. பிறந்த முதல் மாதத்தில் இயல்பாகவே ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். நுரையீரல் முதிர்ச்சியிலும் தொற்றைத் தாங்குவதிலும் பையன்கள் சற்றுப் பலவீனமாகப் பிறக்கிறார்கள். எங்கேயாவது முதல் மாத இறப்பில் பெண் விகிதம் ஆணைத் தாண்டினால், நோயை மட்டும் கொண்டு அதை விளக்க முடியாது. அடுத்து, எத்தனையாவது குழந்தை என்று பார்க்க வேண்டும். குறைமாதப் பிரசவம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. ஓர் ஒன்றியத்தில் 'குறைமாதம்' என்று இறந்த குழந்தைகளெல்லாம் இரண்டாவது, மூன்றாவது பெண்ணாகவே இருந்தால், எழுதிய காரணத்தை ஒதுக்கிவிடலாம். கடைசியாக, இறந்த நாள். வயிற்றுப்போக்கு, சளி என்று வரும் மரணங்கள் மாதங்களில் பரவிக் கிடக்கும். சிசுக்கொலைகள் முதல் வாரத்தில் குவியும்.

மாவட்டங்களை ஒப்பிடுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. மாவட்டம் என்பதே நிலையாக நிற்பதில்லை. 1991-இன் சேலத்துக்குள் நாமக்கல் இருந்தது. 2001-இல் அது தனி மாவட்டம். தேனி மதுரையிலிருந்து பிரிந்தது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போனது. சேலத்துக்கு 1991-இல் 849, 2001-இல் 851 என்று படித்துவிட்டு, பத்து வருடத்தில் இரண்டு கூடியது என்று எழுதுகிறவர் வெவ்வேறு நிலங்களை ஒப்பிடுகிறார். ஒன்றியம் ஒன்றியமாக எடுத்துப் பழைய எல்லைக்குள் மறுபடி கூட்டினால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும். சலிப்பான வேலை. எத்தனையோ அறிக்கைகள் இதைச் செய்யாமலே வரைபடம் போட்டிருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

இப்போது மாவட்டத் தரவுக்குப் பஞ்சமில்லை என்பார்கள். 2015-16 தொடங்கித் தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டந்தோறும் தகவல் தருகிறது. 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் 112 மாவட்டங்களைத் தர வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அதில் உண்டு. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் போன்றவற்றுக்கு இவை உதவும். நான் தேடும் கேள்விக்கு உதவா. ஒரு மாவட்டத்தில் மாதிரிக்குள் 250 குழந்தைகள் அகப்பட்டால், உண்மை விகிதம் 950 ஆகவே இருந்தாலும், குலுக்கலின் தற்செயலால் ஏறத்தாழ 740 முதல் 1,200 வரை எந்த எண்ணும் வரலாம். அதை வைத்து ஓர் ஆட்சியரைப் பாராட்டுவதும் இன்னொருவரைக் கடிந்துகொள்வதும் அநியாயம். முழுப் பதிவு வேண்டும், சிறிய மாதிரி போதாது. தொண்ணூறுகளில் டானிடா என்ற டென்மார்க் அரசின் உதவி அமைப்பின் துணையோடு தமிழ்நாடு நடத்திய பெரிய பிறப்பு இறப்பு ஆய்வுகளின் அருமை இங்கேதான் தெரிகிறது. அவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் ஷாரதா சீனிவாசனும் அர்ஜுன் பேடியும் பிறப்பின்போதே உள்ள விகிதத்தையும் பிறந்தபின் நேரும் இறப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். எங்கே கருவிலேயே தடுக்கிறார்கள், எங்கே பிறந்தபின் கொல்கிறார்கள் என்பது தெரிந்தால்தான், ஸ்கேன் மையத்துக்குப் போவதா தாயின் வீட்டுக்குப் போவதா என்று ஓர் அதிகாரி தீர்மானிக்க முடியும்.

பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது தர்மபுரியில் நடந்தது. செவிலியர்களின் பதிவுகள் எந்த ஒன்றியத்தைச் சுட்டினவோ அங்கேயே 1998-இல் கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். அந்த ஊர் இளைஞர்களும் பெண்களுமே நடித்தார்கள். மாமியாரும் கணவரும் மேடையில் தங்களைப் பார்த்தார்கள். ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000-இல் எழுதிய கட்டுரை அதன் பின்னர் பதிவுகளில் தெரிந்த இறக்கத்தைச் சொல்கிறது. எண்ணியதும் அதே பதிவேடு, எண்ணியபின் போக வேண்டிய இடத்தைக் காட்டியதும் அதே பதிவேடு.

2011-இல் சேலம் 900-ஐத் தாண்டிவிட்டது. மாநிலம் 943, இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய அசையாத எண். சேலம் ஏறியும் மாநிலம் ஏறவில்லை என்றால், வேறெங்கோ இறங்கியிருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் 900-க்குக் கீழே நின்றவை கடலூரும் அரியலூரும். தொண்ணூறுகளின் பட்டையில் இந்தப் பெயர்கள் இல்லை. அங்கே பிறந்தபின் இறக்கவில்லை, பிறக்கவே விடவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஸ்கேன் கிராமத்துக்கு வந்து வெகுகாலமாகிறது.

அதைச் சரிபார்க்க இன்று பழைய நோட்டு தேவையில்லை. 2008 முதல் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் பதிவு பிக்மி என்ற கணினித் தொகுப்பில் ஏறுகிறது. அங்கே வாங்கிய எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடைப்பதில்லை. எத்தனையாவது கர்ப்பம், முந்தைய பிள்ளைகள் என்ன, எந்த மாதத்தில் கலைந்தது, பிறந்தது ஆணா பெண்ணா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு, ஒன்றியவாரியாக, முதலிரண்டும் பெண்ணாயிருந்த வீடுகளில் மூன்றாவதாகப் பிறந்தவர்களின் விகிதத்தை ஆண்டுதோறும் அச்சிட வேண்டும். எல்லை மாறினால் பழைய எல்லைக்கும் சேர்த்துத் தர வேண்டும். முதலில் கடலூரையும் அரியலூரையும் எடுப்பேன். அடுத்து, வெகு நல்ல எண்ணோடு நிற்கும் மாவட்டங்களை எடுத்து, அவற்றின் ஒன்றியங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுவேன்.