தொழிற்சங்கத்திலிருந்து தேர்தல் களத்திற்கு: சி.வி. தேவன் நாயர்

மக்களுக்காகப் பாடுபடும் ஒருவர் எதற்காகத் தேர்தலில் நிற்க வேண்டும்? பதவி இல்லாமல் தொண்டு செய்ய இயலாதா? குடிமைப் பாடத்தின்போது மாணவர்கள் எழுப்பும் இவ்வினாவுக்கு விடை தேடினால், ஆசிரியராக இருந்து அதிபராக உயர்ந்த சி.வி. தேவன் நாயரின் வாழ்க்கை நம் கண்முன் வந்து நிற்கிறது.

1923ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த அவர், விக்டோரியா பள்ளியில் பயின்று, பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளரானார். 1948இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. எவரையும் விசாரணையின்றிச் சிறைவைக்க ஆங்கில அரசுக்கு அச்சட்டம் அதிகாரம் தந்தது. பிரிட்டிஷ் எதிர்ப்புக் கழகத்தில் ஈடுபட்டிருந்த தேவன் நாயர் 1951இல் கைதாகி, 1953 வரை தடுப்புக்காவலில் இருந்தார். செயின்ட் ஜான்ஸ் தீவில் அவரைச் சந்திக்க வந்த இளம் வழக்கறிஞர்தான் லீ குவான் இயூ.

அவர் தேர்தலில் நிற்க வேண்டியதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. சங்கம் ஊதியத்திற்காகப் போராடலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால் சங்கத்தின் செயலாளரையே விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டத்தைச் சங்கத்தால் நீக்க முடியாது. அதை நீக்கச் சட்டமன்றத்திற்குள் செல்ல வேண்டும். 1954 நவம்பர் 21 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது, அதன் அமைப்பாளர்களுள் ஒருவராக அவர் இருந்தார். அவசரகாலச் சட்டத்தை நீக்குவது அக்கட்சியின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாகும்.

1955 ஏப்ரல் 2 அன்று நடைபெற்ற தேர்தல், அதற்கு முந்தைய தேர்தல்களிலிருந்து பெரிதும் வேறுபட்டது. 1948இல் 6 பேரையும் 1951இல் 9 பேரையும் மட்டுமே தேர்ந்தெடுத்த மக்கள், இம்முறை 25 பேரைத் தேர்ந்தெடுத்தனர். வாக்காளர்கள் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்பட்டதால், அவர்களது எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சமாக உயர்ந்தது. ஆயினும் சட்டமன்றத்தின் மொழி ஆங்கிலம் மட்டுமே. தமிழோ சீனமோ மட்டும் அறிந்த தொழிலாளி வாக்களிக்கலாம். அவையில் எழுந்து பேச இயலாது.

மக்கள் செயல் கட்சி நிறுத்திய நால்வரில் மூவர் வென்றனர். தோற்றவர் தேவன் நாயர் ஒருவரே. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில், தொழிலாளர் முன்னணியின் ஏ.ஆர். லாசரஸ் அவரை வென்றார். மக்களுக்காகச் சிறை சென்றவர் என்பதற்காக மட்டும் மக்கள் வாக்களித்துவிடுவதில்லை என்பதை இம்முடிவு காட்டியது.

1956இல் மீண்டும் கைதான அவர், 1959இல் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகே விடுதலையானார். பின்னர் வயதுவந்தோர் கல்வி வாரியத்திற்குத் தலைமை தாங்கினார். 1964இல் மலேசியப் பொதுத்தேர்தலில் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் நின்று, மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வி. டேவிட்டைக் குறுகிய வாக்கு வேறுபாட்டில் வென்றார். அத்தேர்தலில் அவரது கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அதன் பிறகு நிகழ்ந்ததையே நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. சிங்கப்பூர் திரும்பிய அவர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1969இல் அதன் நவீனமயக் கருத்தரங்கை நடத்தினார். அதன் விளைவாகத் தொழிலாளர் கூட்டுறவு நிறுவனங்கள் தோன்றின. 1970இல் இன்கம் காப்புறுதியும் 1973இல் வெல்கம் பேரங்காடியும் வந்தன. அந்த வெல்கம்தான் பின்னாளில் ஃபேர்பிரைஸ் ஆகியது. கிளமெண்டியில் இன்று நாம் அரிசியும் பருப்பும் வாங்கும் கடைக்கு வித்திட்டபோது, அவர் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இல்லை.

1979இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1981 அக்டோபரில் அதிபரானார். அதனால் காலியான ஆன்சனில், அதே மாதம் 31ஆம் நாள் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் 653 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். சிங்கப்பூர் விடுதலை பெற்றபின் தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவரே. தேவன் நாயர் 1985இல் அதிபர் பதவியிலிருந்து விலகி, 2005இல் கனடாவில் காலமானார்.

ஆக, விலைவாசியைத் தாங்க ஒரு கடை வேண்டுமென்றால், அதை மக்கள் ஒன்றுகூடியே அமைத்துக்கொள்ளலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றாலோ மக்களின் வாக்கைப் பெற்றே ஆக வேண்டும். நம் நாட்டில் 1957இல் நகர மன்றத்தின் 32 இடங்களுக்குத் தனித் தேர்தல் நடந்தது. 1959இல் அம்மன்றத்தின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டத்திற்குப் பின், மின்தூக்கியையும் நடைபாதையையும் பராமரிக்கும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வந்தது. எனவே, சட்டமியற்றுபவரையும் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்பவரையும் நாம் ஒரே வாக்கில் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆளுநர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்தக் கிளமெண்டியில் வளரும் பிள்ளைகளுக்கு, அந்த ஆளுநர்களை நம் முன்னோர் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை நாம் சொல்ல வேண்டும். நாளை வாக்குக் கேட்டு வருபவரிடம், பதவியின்றித் தம்மால் செய்ய இயலாதது எது என்று அவர்கள் கேட்கட்டும். தேவன் நாயரிடம் 1955இல் அதற்குத் தெளிவான விடை இருந்தது.