கார்த்திகைக்குப் பின்னும் மழை உண்டு

ஆங்கில நாவல்களையும் ருஷ்ய நாவல்களையும் விரும்பிப் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு ஒரு குறை உண்டு. அந்த நாவல்களில் குளிர்காலம் வருகிறதென்றால் என்ன ஆர்ப்பாட்டம்! விறகு பிளந்து அடுக்குவார்கள். ஜன்னல் இடுக்குகளில் துணியை அடைப்பார்கள். முட்டைக்கோஸை உப்பிலிட்டு ஜாடி ஜாடியாக நிரப்புவார்கள். "நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா, ஐயா? மார்கழியில் காதைச் சுற்றி ஒரு மப்ளரைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது!" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிச் சிரிப்பவர்கள் நெடுநல்வாடையை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான அந்நூலில் நக்கீரர் காட்டும் கூதிர்காலம் சாமானியமானதன்று. வெள்ளத்துக்கு அஞ்சி ஆயர்கள் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்கிறார்கள். தீயிலே கை காய்ந்தும் பல் கிட்டுகிறது. நகரத்து வீடுகளிலோ விசிறிகள் சிலந்தி வலை படியத் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. மாடத்துச் சாளரங்கள் தாழிடப்பட்டிருக்கின்றன. குளிர்ந்த நீர் வைத்த பாத்திரத்தைத் தீண்டுவார் இல்லை. எல்லோரும் கணப்புச் சட்டியைச் சூழ்ந்திருக்கிறார்கள்.

கணப்பும் சாளரமும் உடையவர்களுக்கு வாடைகூட ஒரு விதத்தில் சுகந்தான். ஓலைக் குடிசையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளப் புதுச்சேரிக்கு வடக்கே, அந்நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கும் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரையில் போய் வரலாம். கடலோரமாகச் சுமார் 30 கிலோமீட்டர். இப்போது அங்கே காரை வீடுகள் மிகுந்துவிட்டன. ஆனால் பழைய ஏற்பாடுகளைச் சொல்லக் கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆவணி பிறந்ததுமே வேலை தொடங்கிவிடும். மக்கிய ஓலையைக் களைந்து புதுப் பனை ஓலை வேய வேண்டும். இறவாரத்தை ஆள் குனிந்து நுழையும்படி தாழ இறக்குவார்கள். அதில் இரண்டு லாபம்: மண்சுவரில் சாரல் அடிக்காது, காற்றுக்குக் கூரையை அடியிலிருந்து தூக்கப் பிடி கிடைக்காது. அதற்கு மேலும் கூரையின் குறுக்கே கயிற்றைப் போட்டு முளையில் இறுக்கிக் கட்டுவார்கள். பரண்மேல் காய்ந்த விறகும் வறட்டியும் ஏறும். நெல்லைப் புழுக்கி, வெயில் இருக்கும்போதே உலர்த்திக் குத்தி வைப்பார்கள். புளி, மிளகாய், கருவாடு எல்லாம் பானைக்குள் போகும். கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போடுவார்கள். ருஷ்யக் குடியானவனின் முட்டைக்கோஸ் ஜாடிக்கு நம்முடைய கருவாட்டுப் பானை எந்த விதத்தில் தாழ்ந்தது?

மரக்காணத்து உப்பளங்களின் கதை வேறு. அங்கே வெயில்தான் முதலாளி. தை, மாசியில் பாத்தி கட்டித் தொடங்கும் உப்பு விளைச்சல், ஐப்பசி மழையோடு முடிந்துவிடும். விளைந்த உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவித்து, மழையில் கரையாதபடி ஓலையால் மூடுவார்கள், இக்காலத்தில் தார்ப்பாய். உப்புக்குக் கூரை போட்ட கூலியாளுக்குத் தன் கூரைக்கு ஓலை வாங்கப் பணம் மிஞ்சியதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மழை மாதங்களில் அவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை என்று தமிழக அரசு ஏற்பாடு செய்தது 2022-இல்தான்.

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பது நம் பழமொழி. உள்நாட்டு உழவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். கடற்கரைக்கு அது பொருந்தாது என்பதற்குச் சரித்திரமே சாட்சி.

1760-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை முற்றுகை இட்டிருந்தார்கள். தரையிலே ஐர் கூட்டின் சேனை. கடலிலே ஸ்டீவன்ஸின் கப்பல்கள். ஒதுங்கத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையை விட்டு அக்டோபர் நடுவிலேயே விலகிப் போய்விட வேண்டும் என்பது ஆங்கிலக் கடற்படையின் நெடுநாள் வழக்கம். ஸ்டீவன்ஸும் அப்படித்தான் போனார். ஆனால் சில கப்பல்களை முற்றுகைக்காக விட்டுவிட்டுப் போனார். டிசம்பர் இறுதிக்குள் அவரும் திரும்பி வந்துவிட்டார். கார்த்திகை கழிந்து மார்கழியும் பாதிக்கு மேல் ஆகிவிட்டதல்லவா?

1761-ஆம் வருஷப் புத்தாண்டு இரவில் புயல் அடித்தது. மூன்று கப்பல்கள் மூழ்கின. மூன்று கரையில் மோதி உடைந்தன. சுமார் 1,100 பேர் மாண்டார்கள். கரையில் முற்றுகைச் சேனையின் கூடாரங்கள் பறந்தன. பீரங்கி மேடைகள் சரிந்தன. பட்டினியால் வாடிய நகரத்துக்கு இது தெய்வம் தந்த வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குள் வேறு கப்பல்கள் வந்து கடலை அடைத்துவிட்டன. ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. புதுச்சேரியின் அன்றாட நடப்புகளை இருபத்துநான்கு வருஷங்களாக எழுதி வந்த ஆனந்தரங்கம் பிள்ளையும் அந்த ஜனவரியிலேயே காலமானார்.

நான் படித்த சரித்திரப் புத்தகங்கள் மூழ்கிய கப்பல்களின் பெயர்களைத் தவறாமல் சொல்லுகின்றன. அந்த இரவில் கரையோரக் குப்பங்களில் எத்தனை கூரைகள் பறந்தன என்று சொல்லவில்லை. கப்பலுக்குக் கணக்குப் பிள்ளை இருந்தான்; குடிசைக்கு இல்லை.

இருநூற்றைம்பது வருஷங்கள் கழித்து, 2011 டிசம்பர் 30 அதிகாலையில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. அதுவும் மார்கழிதான். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இம்முறை குடிசைகளையும் எண்ணினார்கள். அது ஒரு முன்னேற்றந்தான். ஆனால் எண்ணியது விழுந்த பிறகு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கூரை பறக்காத காரை வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

வானிலை நிலையம் இன்று சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கிறது. ஸ்டீவன்ஸுக்குக் கிடைக்காத பாக்கியம் அது. ஆயினும் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கூரையை இறுக்கக் கயிறு வேண்டும். கயிறு வாங்கக் கையில் காசு வேண்டும். ஆவணியிலேயே அந்தக் காசு இருந்தவன் வீடு நின்றது. இல்லாதவன் வீடு பறந்தது. இது நக்கீரர் காலத்திலிருந்து மாறாத கணக்கு. பழமொழி எதைச் சொன்னாலும் சொல்லட்டும். அனுபவம் கண்ட கடற்கரைக்காரன் தை பிறந்து பொங்கல் பானை இறங்கும் வரையில் கூரைக் கயிற்றை அவிழ்க்க மாட்டான்.