றங்குப்பெட்டியின் அடியில் ஒரு போஸ்டர்: பழைய மர்மப்படச் சுவரொட்டிகளை அறிவதும் காப்பதும்

உயிலங்குளத்தில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் கடந்த மாரியில் என்னை வீட்டுக்கு அழைத்து ஒரு றங்குப்பெட்டியைத் திறந்து காட்டினார். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து வெளியே வைத்த பிறகு பெட்டியின் அடி தெரிந்தது. துரு படியாமல் இருக்க யாரோ அந்தக் காலத்தில் ஒட்டிவிட்ட தாள் அது. சிவாஜி கணேசனின் பாதி முகம், சிவப்புப் பின்னணி, 'பறவை' என்ற எழுத்துகள். 'புதிய பறவை' படத்தின் போஸ்டர்.

"பிள்ளை, வெளியில இருக்கிற மகன் போட்டோவைப் பாத்திட்டு இதுக்கு நல்ல காசு வரும் எண்டு சொல்லுறான். உரிச்செடுக்கட்டோ?"

அவசரப்பட வேண்டாம் என்றேன். ஊடகக் கற்கை படித்த காலத்திலிருந்து பழைய சினிமாத் தாள்களில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஆனாலும் அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இப்படியான தாள்கள் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

'நுவார்' என்பது என்ன?

'பிலிம் நுவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்புப் படம் என்று பொருள். 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சில் அமெரிக்கப் படங்கள் திரையிடப்படவில்லை. போர் முடிந்ததும் அவை ஒன்றாக வந்து சேர்ந்தபோது, அவற்றில் கூடியிருந்த இருட்டு அங்குள்ளவர்களின் கண்ணில் பட்டது. இரவுத் தெரு, மழை, சாளரத் தட்டிகளின் நிழற்கோடுகள், யாரை நம்புவது என்று தெரியாத கதாநாயகன் ஆகியவை அந்தப் படங்களின் அடையாளங்கள்.

அந்த இருட்டைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் அகதிகள். பில்லி வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், றொபேர்ட் சியோட்மாக் போன்றோர் நாஸிகளின் எழுச்சியால் ஐரோப்பாவை விட்டு வெளியேறி ஹொலிவூட் போனவர்கள். 1944இல் 'டபிள் இன்டெம்னிற்றி' படத்தை எடுத்த வைல்டரின் தாய் யூத இனப்படுகொலையில் உயிரிழந்தார். வீட்டை விட்டு ஓடியவர்கள் எடுத்த படங்கள் என்று தெரிந்த பிறகு அந்த நிழல்களை என்னால் வெறும் பாணியாகப் பார்க்க முடிவதில்லை.

தமிழில் வந்த இருட்டு

தமிழில் இந்த வகைக்கு முதலில் சொல்லப்படும் பெயர் 'அந்த நாள்'. வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவிஎம் தயாரித்து, 1954 ஏப்ரலில் வெளியானது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளை ஒட்டி, வானொலிப் பொறியியலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன் நடித்தார்கள். வெளிவந்தபோது ஓடாத அந்தப் படத்துக்குப் பின்னாளில்தான் பெரும் மதிப்பு கிடைத்தது.

அதற்கு முன்பே, 1950இல், மொடேர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' படத்தை எடுத்திருந்தது. பாலச்சந்தர் பின்னர் 1964இல் 'பொம்மை'யையும் 1970இல் 'நடு இரவில்' படத்தையும் தந்தார். 1964இல் தாதா மிராசியின் 'புதிய பறவை', 1967இல் ஏவிஎம்மின் 'அதே கண்கள்' ஆகியவை வந்தன. இந்த இரண்டும் வண்ணப் படங்கள் என்பதால் கண்டிப்பான வரைவிலக்கணத்துக்குள் அடங்கா. ஆனாலும் குற்றவுணர்வும் சந்தேகமும் நிறைந்த கதைகள் என்ற அளவில் சேகரிப்பாளர்கள் அவற்றையும் இந்த வரிசையிலேயே வைப்பார்கள்.

போஸ்டர் சொல்லும் சேதி

நுவார் படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றின் போஸ்டர்களோ சிவப்பும் மஞ்சளுமாக எரியும். தெருவில் போகிறவரை நிறுத்த வேண்டும் என்பதே காரணம். தமிழ்ப் போஸ்டர்களும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் ஓவியர் வண்ணம் ஏற்றுவார் அல்லது முகத்தையே புதிதாக வரைவார். கல் அச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் தகடு தயாரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். சென்னை, சிவகாசி அச்சகங்கள் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவை.

மர்மப் படத்துக்குப் போஸ்டர் வரைகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றம் நடந்ததைக் காட்ட வேண்டும், குற்றவாளியைக் காட்டக்கூடாது. அதனால் பாதி முகம், நிழல், கை மட்டும், கண்கள் மட்டும் என்று வரைவார்கள். பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கமும் அப்படியே. முக்கியமான இடத்தில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லிவிடும்.

அசலா, மறுபதிப்பா?

பழைய போஸ்டர் ஒன்று கையில் கிடைத்தால் இவற்றைப் பாருங்கள்:

அளவு: அமெரிக்கப் போஸ்டரின் வழமையான அளவு 27க்கு 41 அங்குலம். இந்தியாவில் ஒற்றைத் தாள் பெரும்பாலும் 30க்கு 40 அங்குலம். பெரிய போஸ்டர்களைப் பல தாள்களாக அச்சிட்டுச் சுவரில் பொருத்தி ஒட்டுவார்கள்.

மடிப்பு: அந்தக் காலத்தில் போஸ்டர்களை மடித்தே அனுப்பினார்கள். மடிப்புக் கோடு குறையல்ல, வயதுக்கான சான்று. மடிப்பே இல்லாத பளபளப்பான 'பழைய' போஸ்டர் என்றால் சந்தேகியுங்கள்.

அடிவிளிம்பு: தமிழ்ப் போஸ்டரில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் இருக்கும். ஓவியரின் கையொப்பம் மூலையில் இருக்கலாம். அமெரிக்கப் போஸ்டர்களில் 1940 முதல் சில பத்தாண்டுகள் ஓர் இலக்கம் இருந்தது. அதன் முதல் இரண்டு எண்களும் ஆண்டைக் குறிக்கும், முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மறுவெளியீடு.

புள்ளிகள்: உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அசலில் தெளிவாக இருக்க வேண்டிய சிறிய எழுத்துகள் கலங்கித் தெரிந்தால், அது போஸ்டரைப் படமெடுத்து மீண்டும் அச்சிட்டதாக இருக்கலாம்.

ஒட்டுத்தாள்: தியேட்டரின் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட துண்டு மேலே ஒட்டப்பட்டிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். அந்தப் படம் எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக இருக்கக்கூடும்.

விலையைப் பொறுத்தவரை, 2017இல் 'கசபிளாங்கா' படத்தின் 1946ஆம் ஆண்டு இத்தாலியப் போஸ்டர் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 478,000 டொலருக்குப் போனது. இந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போன் எடுக்கிறார்கள். அந்த விலை மிக அரிதான, முழுமையான, தோற்றுவாய் தெரிந்த தாளுக்குரியது. கிழிந்த, விளிம்பு வெட்டிய, பசை போட்டு ஒட்டிய தாளுக்கு அது பொருந்தாது.

எங்களிடம் மிஞ்சியவை

தமிழ்நாட்டில் இத்தகைய தாள்களைக் காத்தவர்கள் தனிமனிதர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் நூல்களோடு சினிமா நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்துவைத்த படங்களும் தகவல்களும் இல்லையென்றால் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றில் பல பக்கங்கள் வெறுமையாக இருந்திருக்கும்.

இங்கும் சேர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தாள் தங்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஊர்த் தியேட்டர்களில் என்ன படம் ஓடியது என்பதைப் பத்திரிகை விளம்பரங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் தீக்கிரையானது. அதோடு படச்சுருள்களும் போயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் விட்டுப்போன வீடுகளிலும் எத்தனையோ பெட்டிகள் இருந்திருக்கும். தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை நூலாக எழுதி வைத்திராவிட்டால், எங்கள் படங்களில் பலவற்றின் பெயர்கூட நினைவில் நின்றிருக்காது.

ஆகவே இங்கே சேகரிப்பு என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஒரு ஊரில் தியேட்டர் இருந்தது, சனம் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டுப் பயமில்லாமல் நடந்து வீட்டுக்குப் போனது என்பதற்கு ஒரு போஸ்டர் ஆதாரமாகலாம்.

எப்படிக் காப்பது?

எங்கள் பக்கத்து வெக்கையும் உப்புக்காற்றும் தாளுக்கு எதிரி. வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். செலோடேப் ஒட்ட வேண்டாம், அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். லமினேற் செய்தால் பின்னர் கழற்ற முடியாது. பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பத்திரிகைத் தாளில் சுற்றினால் அதன் அமிலம் ஊறும். அமிலமற்ற தாளுக்கிடையில் விரித்துத் தட்டையாக வைப்பதே நல்லது. கறையானும் இராமபாணப் பூச்சியும் வருகின்றனவா என்று மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், படம் எடுத்து வையுங்கள். நிழலான வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, முன்னும் பின்னும் எடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது கிடைத்தது என்பதைக் கூடவே எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் ஒரு பிரதி இருந்தால், வீடு எரிந்தாலும் தகவல் எரியாது.

அந்தப் பெட்டி

மறுபடி ஐயாவிடம் போனேன். தாளின் அடிவிளிம்பு வெட்டப்பட்டிருப்பதால் அச்சகப் பெயர் இல்லை, முதல் வெளியீடா பின்னர் வந்ததா என்று சொல்ல முடியாது, உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும், காசு பெரிதாகக் கிடைக்காது என்று சொன்னேன். அவர் ஏமாந்ததாகத் தெரியவில்லை. பெட்டியின் கதையைச் சொன்னார்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு உயிலங்குளம் இரு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான போக்குவரத்துப் பாதையாக இருந்த நாட்களில், அப்பால் இருந்த அவர் இந்தப் பெட்டியைத் தமக்கையின் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். காணி உறுதிக்குப் பாதுகாப்பான இடம் என்ற எண்ணம். கலியாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் தன்னோடு வைத்துக்கொண்டார். கடைசிப் போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அவர் கொண்டுபோன எதுவும் திரும்பி வரவில்லை. விட்டுப்போன பெட்டி மட்டும் இருந்தது.

"அப்ப இது இப்பிடியே கிடக்கட்டும், என்ன?" என்றார்.

பெட்டியோடு சேர்த்தே படம் எடுத்தோம். அடிமட்டத்தை அவர் பிடித்தார். பிறகு தாளின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, உறுதியை அதன் மேல் வைத்து மூடினார்.