ஓட்டிசமும் தாதியரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓட்டிசத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், பிள்ளையோடு நாள்தோறும் பழகுந் தாதியருக்கு அதிலுள்ள இடம் தனித்து நோக்கப்படவேண்டியதாகும்.

1943இல் அமெரிக்காவின் பால்ற்றிமோரில் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதனையொத்த இயல்புகளை எழுதினார். அவரது சிகிச்சைக்கூடத்தில் பிள்ளைகளுக்கான விளையாட்டையும் உடற்பயிற்சியையும் நடத்தியவர் தலைமைத் தாதி விக்டோரீன் சாக். ஆயின், அஸ்பேர்கர் சில பிள்ளைகளை நாஜிகளின் கொலைக்களமாயிருந்த அம் ஸ்பீகல்குருண்டுக்கு அனுப்பியமையை 2018இல் ஹேர்விக் செக்கின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. இனங்காணுதல் காத்தலாகவும் அமையலாம், கைவிடுதலாகவும் அமையலாம்.

பின்னர் பழி தாயின்மீது சுமத்தப்பட்டது. பெற்றோரின் அன்பின்மையே காரணமென்னுங் கருத்தை 1967இல் புரூனோ பெற்றல்ஹைமின் நூல் பரப்பிற்று. 1977இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகியோரின் இரட்டையர் ஆய்வு பரம்பரைக் காரணியின் வலுவைப் புலப்படுத்தியது. 1979இல் லோர்ணா விங், ஜூடித் கூல்ட் ஆகியோர் லண்டனில் நடத்திய ஆய்வு, இவ்வியல்புகள் பலவகைப் பிள்ளைகளிடத்தும் பரந்து காணப்படுவதைக் காட்டி, 'நிறமாலை' என்னும் எண்ணத்துக்கு வழிவகுத்தது. நன்கு பேசும் பிள்ளையும் பேசாத பிள்ளையும் இதனுள் அடங்குவர்.

இலங்கையில், ஹேமமாலி பெரேரா முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளை ஆராய்ந்து, 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தைக் கண்டது. மேனாட்டு வினாக்கொத்தின் மொழிபெயர்ப்போ அத்தகைய பிள்ளைகளுள் 25 வீதத்தினரையே இனங்கண்டது. தாயின் விடையை மட்டும் நம்புங் கருவி போதாது என்பதே நாம் இதிலிருந்து பெறும் முடிபாகும்.

களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடை போன்ற, தமிழுஞ் சிங்களமும் வழங்கும் தொழிலாளர் குடியிருப்புகளில் இது மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. பிள்ளை பேசப் பிந்துவதை 'வீட்டில் இருமொழி' என்று தள்ளிவிடுதல் எளிது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா, விரும்பியதை விரல்நீட்டிக் காட்டுகின்றதா என்று தாயின் மொழியிலேயே வினவி, தாமும் நேரிற் கண்டறியுந் தாதியே அப்பிள்ளையை உரிய காலத்தில் வைத்தியரிடம் சேர்ப்பிப்பவர். ஊசி போடுமுன் நடக்கவிருப்பதைக் காட்டி விளக்குதலும், இரைச்சலைக் குறைத்தலும், அழுகையைப் பிடிவாதமெனக் கொள்ளாது நோவின் மொழியாக ஆராய்தலும் அவரது பணியின்பாற்பட்டனவே.

எனவே, தாதியர் பயிற்சியில் ஓட்டிசத்தின் அறிகுறிகளோடு அதன் வரலாறுங் கற்பிக்கப்படல் வேண்டும். தாயைக் குற்றவாளியாக்கிய கொள்கை ஏடுகளிலிருந்து நீங்கினும், சிகிச்சை நிலையத்து வாயிலில் அவள் எதிர்கொள்ளும் முதல் வினாவிலிருந்தும் நீங்குதல் வேண்டும் என்பதே நமது வற்புறுத்தலாகும்.