வி-சிப்: பூட்டு வந்தது, பூட்டியவர்கள் எத்தனை பேர்?

டிவி ரிமோட்டில் மெனுவுக்குள் போனால் 'பேரண்டல் லாக்' என்று ஒன்று ஒளிந்திருக்கும். நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் இந்தச் சின்னப் பூட்டுக்குப் பின்னால் ஒரு படுகொலையும் நிறைய அரசியலும் இருக்கின்றன.

அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு கேபிள் சட்டமே ஒரு பூட்டுக்கு வழி செய்திருந்தது. சந்தாதாரர் கேட்டால் கேபிள் நிறுவனம் ஒரு பூட்டுப் பெட்டியை விற்கவோ வாடகைக்குத் தரவோ வேண்டும். ஆனால் எந்த சேனலில் எப்போது என்ன வரும் என்று பெற்றோர்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிகழ்ச்சியே 'நான் இன்ன ரகம்' என்று டிவியிடம் சொல்லிவிட்டால்? இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர் டிம் காலிங்ஸ் என்ற கனடா நாட்டுப் பொறியாளர். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

1989 டிசம்பர் 6 அன்று மாண்ட்ரியல் நகரின் எக்கோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அந்தச் சம்பவம்தான் தன்னை இந்த வேலையில் இறக்கியது என்று காலிங்ஸ் சொல்லியிருக்கிறார். 1992-ல் கனடாவில் இன்னொன்றும் நடந்தது. தங்கையைக் கொலைக்குப் பறிகொடுத்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, டிவி வன்முறைக்கு எதிராகச் சுமார் 13 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டிப் பிரதமர் பிரையன் மல்ரோனியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதியால் சும்மா இருக்க முடியும்?

சிப் வேலை செய்யும் விதம் அழகானது. பழைய டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே படத்தை வரைந்து முடித்து மறுபடி மேலே போகும். அந்த இடைவெளியில் சில வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. அதில் 21-வது வரியில்தான் காது கேளாதோருக்கான எழுத்து வடிவ வசனங்களை அமெரிக்காவில் அனுப்பி வந்தார்கள். நிகழ்ச்சியின் தரக்குறியீடும் அதே வரியில் ஏறிக்கொண்டது. நாம் வைத்த வரம்பைக் குறியீடு தாண்டினால் படமும் ஒலியும் நின்றுவிடும். ('வி' என்றால் வன்முறை என்று பலர் சொல்வார்கள், பார்வையாளர் என்பவரும் உண்டு.)

அமெரிக்காவில் 1996 பிப்ரவரி 8 அன்று பில் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புதிய டிவிகளில் இந்த வசதி இருக்க வேண்டும் என்றது. 2000 ஜனவரி 1-க்குள் எல்லாப் புதிய மாடல்களிலும் அது வந்துவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். தரக்குறியீட்டை யார் போடுவது? அரசு போட்டால் தணிக்கை ஆகிவிடும். அதனால் ஜாக் வேலன்டி தலைமையில் தொழில்துறையே ஒரு முறையை வகுத்தது. 1997 ஜனவரியில் வயதை மட்டும் வைத்து ஆரம்பித்தார்கள். வயதை மட்டும் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் எனப் பெற்றோர் அமைப்புகள் சண்டை போட்டன. அதே அக்டோபரில் வன்முறை, பாலியல், கெட்ட வார்த்தை போன்றவற்றுக்குத் தனி எழுத்துகள் சேர்ந்தன. என்.பி.சி. அப்போது அவற்றை ஏற்க மறுத்தது. செய்திக்கும் விளையாட்டுக்கும் குறியீடே கிடையாது. போர்க் காட்சி செய்தியில் வந்தால் பூட்டு திறந்தேதான் இருக்கும்!

சரி, யார் பூட்டினார்கள்? கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2001 ஆய்வில், இதைப் பயன்படுத்திய பெற்றோர் 7 சதவீதம்தான். 40 சதவீதம் பேர் வீட்டில் சிப் உள்ள டிவி இருந்தது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதே தெரியாது. 2004-ல் பயன்படுத்தியவர்கள் 15 சதவீதம். பெற்றோரைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். ஆனால் கடையிலிருந்து வரும்போது பூட்டு அணைந்த நிலையில்தான் வரும். மெனுவுக்குள் மெனுவாகப் போய் நாமே அதை இயக்க வேண்டும்.

என் பார்வையில் இந்தப் பூட்டு என்ற யோசனை வீட்டைவிட நீதிமன்றத்தில்தான் நன்றாக வேலை செய்தது. அதே 1996 சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஆபாச சேனல்களின் படமும் ஒலியும் சந்தா கட்டாத வீடுகளில் கசியாதபடி கேபிள் நிறுவனங்கள் முழுவதுமாக மறைக்க வேண்டும், முடியாவிட்டால் இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் ஒளிபரப்ப வேண்டும் என்றது. பிளேபாய் நிறுவனம் வழக்குப் போட்டது. 2000 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தப் பிரிவைத் தள்ளியது. விரும்பாத வீட்டார் கேட்டால் அவர்கள் வீட்டில் மட்டும் சேனலை அடைத்துக் கொடுக்கலாமே, ஊருக்கெல்லாம் ஏன் தடை என்பது நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம். அப்படிக் கேட்டவர்கள் அரை சதவீதத்துக்கும் குறைவு என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

2007-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமே வி-சிப்பால் பெரிய பயன் இல்லை என்று அறிக்கை கொடுத்து, டிவி வன்முறையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரலாம் என்றது. அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை.